வயலின் படித்த நம் பெண்களுக்கு மேடை கொடுங்கள்: திருகோணமலை ஆலய பரிபாலன சபையினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் உபயகாரர்களுக்கும் விழாக் குழுவினருக்கும்,

வணக்கம். திருகோணமலை நகரத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியை நான். உங்களில் பலருடைய பெண் பிள்ளைகளுக்கும் பேத்திகளுக்கும் வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அந்த உரிமையோடு ஒன்றைக் கேட்கிறேன். வருகிற நவராத்திரி தொடங்கி, உங்கள் ஆலயங்களில் நடக்கும் இசை நிகழ்ச்சிகளில் இந்த ஊரிலேயே வயலின் படித்த பெண்களுக்குத் தனிக் கச்சேரி நேரம் ஒதுக்குங்கள். நோட்டீசில் அவர்கள் பெயரைப் போடுங்கள். வெளியூரிலிருந்து வரும் கலைஞருக்குச் சன்மானம் கொடுப்பது போல அவர்களுக்கும் கொடுங்கள்.

"ஏன், நாங்கள் வேண்டாம் என்றா சொன்னோம்?" என்று கேட்பீர்கள். யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் நடந்துவருவது வேறு.

நம் பிள்ளைகள் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளுக்கு வருடா வருடம் தோற்றுகிறார்கள். முதலாம் தரத்தில் சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் வாசித்த பிள்ளை, நாலாம் ஐந்தாம் தரத்துக்கு வரும்போது வர்ணம் இரண்டு காலத்தில் வாசிக்கும், கீர்த்தனைக்கு நிரவல் போடும், கற்பனைச் சுரம் எடுக்கும். ஆசிரியர் தரம் முடித்தவர்களும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணம் இராமநாதன் நுண்கலைக்குப் போய்ப் பட்டம் எடுத்து வந்தவர்களும் இருக்கிறார்கள். சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். அதற்குப் பிறகு என்ன? பாடசாலை வாணி விழாவில் ஐந்து நிமிடம். பரதநாட்டிய அரங்கேற்றம் ஒன்றில் மேடையின் ஓரத்தில், ஆடும் பிள்ளைக்குப் பின்னால். பிறகு கலியாணம். வயலின் பெட்டி அலுமாரிக்கு மேலே ஏறுகிறது. "இனி என்னத்துக்குப் பிள்ளைக்கு வயலின்?" என்று மாமியார் கேட்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வாசிக்க ஓர் இடம் இருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

அந்த இடம் உங்கள் கையில் இருக்கிறது. நம் ஊரில் பெரிய சபாக்கள் இல்லை, நிரந்தரக் கச்சேரி மண்டபம் இல்லை. மனிதர் கூடி இருந்து இசை கேட்கிற இடம் கோயில்தான். சிவராத்திரியில் நாலு சாமம், நவராத்திரியில் ஒன்பது இரவு, கொடியேற்றத்திலிருந்து தீர்த்தம் வரை ஒவ்வொரு உபயகாரருடைய திருவிழா. இத்தனை இரவுகளை வைத்திருக்கிறவர்கள் நீங்கள்தான்.

நூறு வருடத்துக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணின் கதையை இங்கே சொல்ல வேண்டும். அவர் நம் ஊரவர் இல்லை, நம் சங்கீதமும் அவருக்குத் தெரியாது. என் மாணவிகளுக்கு அவரைப் பற்றிச் சொல்லாமல் நான் ஒரு வகுப்பையும் முடித்து அனுப்பியதில்லை. பெயர் மோட் பவல். 1867இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் பெரு என்ற சிறிய ஊரில் பிறந்து, அவ்ரோரா என்ற இன்னொரு சிறிய ஊரில் வளர்ந்தவர். தகப்பன் கல்வி அதிகாரி. தாய்க்கு இசையில் நல்ல திறமை இருந்தது. அந்தக் காலத்துப் பெண்ணுக்கு வீட்டுக்கு வெளியே அதைக் கொண்டுபோக வழியில்லாததால் அது வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. தனக்குக் கிடைக்காதது மகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று அந்தத் தாய் நினைத்தார். இந்த வரியை எழுதும்போது நம் ஊர்த் தாய்மார் பலருடைய முகம் என் கண்முன் வருகிறது.

மோட் சிறு பிள்ளையாக இருந்தபோது கமில்லா உர்சோ என்ற பெண் வயலின் வாசிக்கக் கேட்டார். உர்சோ பிரான்ஸில் பிறந்தவர், பரிஸ் இசைக் கல்லூரியில் வயலின் படிக்கச் சேர்க்கப்பட்ட முதல் பெண் பிள்ளை. ஒரு பெண் மேடையின் நடுவில் நின்று வயலின் வாசிக்கலாம் என்பதை மோட் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். அதன் பிறகு அந்தப் பிள்ளைக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஐயாமாரே, இந்த மடலில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஏழெட்டு வயதுப் பிள்ளை, தன் ஊர் அக்கா ஒருவரை மேடை நடுவில் காண வேண்டும். நான் வகுப்பில் எவ்வளவு சொன்னாலும் அதற்கு ஈடாகாது.

ஒன்பது வயதளவில் மோட் கிழமைக்கு ஒரு முறை சுமார் 40 மைல் ரயிலில் தனியாகச் சிக்காகோவுக்குப் போய்ப் படித்தார். 13 வயதில் ஐரோப்பாவுக்குப் போனார். அந்தப் படிப்புக்காகக் குடும்பம் குடியிருந்த வீட்டை விற்றது. தாயும் தம்பியும் கூடப் போனார்கள், தகப்பன் வேலையில் தங்கினார். லைப்சிக்கில் ஹென்றி ஷ்ராடீக், பரிஸில் ஷார்ல் டாங்க்லா, பேர்லினில் அந்தக் காலத்து வயலின் உலகமே தலைவணங்கிய யோசப் யோவாக்கிம் என்று மூன்று நகரத்தில் மூன்று குருமார். 1885இல், 17 வயதில், யோவாக்கிமே நெறிப்படுத்த பேர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு புரூக் என்ற இசையமைப்பாளரின் ஜி மைனர் கொன்சேர்ட்டோவை வாசித்தார். கொன்சேர்ட்டோ என்றால் ஒரு தனி வாத்தியமும் பெரிய இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் நீண்ட ஆக்கம். அதே ஆண்டில் நாடு திரும்பி, தியடோர் தோமஸ் நடத்திய நியூயோர்க் பில்ஹார்மோனிக்கோடு அதே ஆக்கத்தை வாசித்தார்.

இதுவரை கேட்டால் எல்லாம் சுகமாக நடந்தது போல இருக்கும். ஆனால் நாடு திரும்பிய அந்தப் பெண்ணுக்கு முன்னால் இருந்த வழி மிகக் குறுகியது. இசைக்குழுக்களில் பெண்களை உறுப்பினராக எடுப்பதில்லை. லண்டன் குயின்ஸ் ஹோல் இசைக்குழுவில் ஹென்றி வூட் ஆறு பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1913இல்தான், அதுவே அன்று பெரிய செய்தி. வியன்னா பில்ஹார்மோனிக் ஒரு பெண்ணை முழு உறுப்பினராக ஏற்றது 1997இல். அன்றைய விமர்சகர்கள் ஒரு பெண்ணை மெச்ச நினைத்தால், "ஆண் போல வாசிக்கிறார்" என்றுதான் எழுதுவார்கள். வயலினைத் தாடையில் இடுக்கிக் கையை வீசி வாசிப்பது பெண்ணுக்கு அழகில்லை என்றும் ஒரு பேச்சு இருந்தது.

மோட் பவல் அழைப்புக்காகக் காத்திருக்கவில்லை. யாரும் வாசிக்காத ஆக்கங்களைத் தேடி எடுத்தார். சாய்க்கோவ்ஸ்கியின் வயலின் கொன்சேர்ட்டோவை 1889இல் அமெரிக்காவில் முதன்முதலில் வாசித்தவர் அவர். இன்று உலகம் முழுக்க வாசிக்கப்படும் சிபேலியஸின் கொன்சேர்ட்டோவை 1906இல் நியூயோர்க்கில் அறிமுகப்படுத்தியபோது விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். அவர் அதை விட்டுவிடாமல் வேறு நகரங்களுக்குக் கொண்டுபோய் வாசித்தார். ஆங்கிலேயத் தாய்க்கும் ஆபிரிக்கத் தகப்பனுக்கும் பிறந்த இசையமைப்பாளர் சாமுவேல் கோல்ரிட்ஜ்-டெய்லர் அவருக்காகவே ஒரு கொன்சேர்ட்டோ எழுதினார். 1912இல் அதை அரங்கேற்றியவரும் அவர்தான். கறுப்பின மக்களை மேடைக்கு வெளியே நிறுத்திய அந்த நாட்டில் அது சின்ன விடயமில்லை.

1893இல் சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சியை விவேகானந்தருடைய பேச்சால் நாம் அறிவோம். அதே கண்காட்சியில் பெண்களின் இசை மாநாடு ஒன்றும் கூடியது. அதில் மோட் பவல், பெண்களும் வயலினும் என்ற பொருளில் கட்டுரை வாசித்தார். ஏமி பீச் என்ற பெண் இசையமைப்பாளர் அவருக்காக ஓர் ஆக்கம் எழுத, இருவரும் சேர்ந்து அங்கே அதை அரங்கேற்றினார்கள். 1894இல் மூன்று ஆண்களைச் சேர்த்து, தானே தலைமை தாங்கித் தன் பெயரிலேயே நால்வர் குழு ஒன்றைத் தொடங்கினார். இசைக்குழுவுக்குள் கதவு திறக்காதபோது வெளியே தனக்கென்று ஒரு குழுவைக் கட்டினார்.

1904இல் விக்டர் கம்பனி உயர்தர இசைத்தட்டு வரிசையில் வாத்தியக் கலைஞர் ஒருவரை முதன்முதலில் பதிவுசெய்ய நினைத்தபோது அழைத்தது அவரைத்தான். அன்று மைக் கிடையாது. பெரிய கூம்புக் குழாய் ஒன்றின் முன் நெருங்கி நின்று, பிழைவிட்டால் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். ஆயிரம் பேர் முன்னால் வாசிப்பதைவிட அந்தக் குழாயின் முன் நிற்பதுதான் அவருக்குப் பயமாக இருந்ததாம். அந்தத் தட்டுகளால் கச்சேரி மண்டபத்தைக் கண்டேயிராத வீடுகளுக்குள் அவருடைய வயலின் போனது.

இத்தனையிலும் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. நியூயோர்க்கிலும் பொஸ்டனிலும் பெயர் எடுத்த பிறகும் அவர் சிறிய ஊர்களை விடவில்லை. வயலின் கச்சேரி என்றால் என்னவென்றே தெரியாத ஊர்களுக்கு ரயிலேறிப் போனார். அங்கே இலேசான ஏதாவது வாசித்துவிட்டு வரவில்லை, பெரிய ஆக்கங்களை வாசித்தார். என்ன வாசிக்கப் போகிறேன், எதைக் கேட்க வேண்டும் என்று நிகழ்ச்சிக் குறிப்பைத் தானே எழுதிக் கொடுத்தார். சிறிய ஊர்க்காரருக்குச் சிறிய இசை போதும் என்று அவர் ஒருபோதும் நினைக்கவில்லை.

நாமோ அப்படித்தான் நினைக்கிறோம். "சங்கீதக் கச்சேரி வைத்தால் சனம் இராது, மெல்லிசைக் குழுவைக் கூப்பிடுவோம்" என்று கூட்டங்களில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மெல்லிசைக்கு நான் எதிரியில்லை. ஆனால் நம் சனம் கேட்காது என்று எப்படித் தெரியும்? நல்ல ஒலியமைப்போடு, நல்ல நேரத்தில், ஒரு மணித்தியாலம் வயலின் கேட்க நம் சனத்துக்கு நாம் எப்போது வாய்ப்புக் கொடுத்தோம்? நான் கண்ட வயலின் நிகழ்ச்சிகளில் பல, பூசை முடிந்து பிரசாதம் கொடுக்கிற நேரத்திலோ, மெல்லிசைக் குழு பெட்டிகளை இறக்குகிற சத்தத்துக்கு நடுவிலோதான் நடந்தன. ஒரு கோயிலில் என் மாணவி ஆலாபனை தொடங்கியதும் அறிவிப்பாளர் குறுக்கே வந்து, தண்ணீர்ப் பந்தலுக்கு உபயம் செய்தவர்களின் பெயர்களை வாசித்தார். அந்தப் பிள்ளை வில்லைத் தந்தியில் வைத்தபடியே காத்திருந்தது. பிள்ளையின் தகப்பன் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். எந்தக் கோயில் என்று சொல்வது என் நோக்கமில்லை. எந்தக் கோயிலிலும் இனி அப்படி நடக்கக் கூடாது என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

இன்னொரு தயக்கத்தை நீங்கள் வெளிப்படையாகச் சொல்வதில்லை, நானே சொல்கிறேன். பெண் பிள்ளை என்றால் கடைசி நேரத்தில் "வர ஏலாது" என்று சொல்லிவிடும், தீட்டு, துடக்கு என்று ஏதாவது வரும், நிகழ்ச்சி குழம்பிவிடும் என்ற பயம். இதற்காக ஊரிலுள்ள எல்லாப் பெண்களையும் ஒதுக்கிவைக்க வேண்டுமா? ஒரு இரவுக்கு இருவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு முடியாவிட்டால் மற்றவர் வாசிப்பார். என் மாணவிகள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து வாசிக்கப் பழகியவர்கள். மேடை வெளி வீதியிலோ மண்டபத்திலோ இருந்தால் பாதிப் பிரச்சினை அதோடு முடியும். மிச்சத்தை அந்தப் பெண்ணே முடிவுசெய்யட்டும்.

சாத்திரத்தைக் காட்டி மறுக்க வழியில்லை என்பதையும் பணிவோடு சொல்கிறேன். வயலின் நம் சங்கீதத்துக்குள் வந்தே ஏறக்குறைய 200 வருடந்தான். முத்துஸ்வாமி தீட்சிதருடைய தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பிய வாசிப்புக்காரரிடம் கற்று அதை நம் இராகங்களுக்குப் பழக்கினார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு 1834இல் சுவாதித் திருநாள் மகாராஜா தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைக் கொடுத்தார். எங்கிருந்தோ வந்த வாத்தியத்தை அன்றைக்குச் சங்கீதமும் கோயிலும் ஏற்றுக்கொண்டன. அதைப் பெண் தொடக் கூடாது என்று ஆகமம் எதிலும் எழுதியிருக்க முடியாது. நம் சங்கீதத்திலும் பாடகிக்கு வாசிக்க மாட்டோம் என்று சொன்ன பக்கவாத்தியக்காரர்கள் இருந்தார்கள், பெண் வயலின்காரரைப் பக்கத்தில் இருத்த மாட்டோம் என்று சொன்ன பாடகர்களும் இருந்தார்கள். அந்தக் காலம் நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது. 2016இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது ஏ. கன்யாகுமரி அம்மாவுக்குப் போனது. அந்த விருதைப் பெற்ற முதல் பெண் வயலின் கலைஞர் அவர்.

பெண் பிள்ளைகளுக்காக முன்னுக்கு வந்து நிற்பது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் பெண் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய பாடசாலைதான் இன்று ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியாக நிற்கிறது. பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பவே தயங்கிய காலத்தில் அவர் அதைச் செய்தார். நான் கேட்பது ஒரு மேடையையும் ஒரு மணித்தியாலத்தையுந்தான்.

நிகழ்ச்சியில் என்ன வாசிப்பார்கள் என்று கேட்டால், கோணேசர் பெருமான் மேல் சம்பந்தர் பாடிய பதிகத்திலேயே தொடங்கலாம். கடைசிப் பாட்டைத் தவிர மற்றப் பாட்டுகள் "கோணமாமலை அமர்ந்தாரே" என்று முடிகிற அந்தப் பதிகத்துக்குப் பண் புறநீர்மை. ஓதுவார்கள் அதைப் பூபாளத்தில் பாடுகிறார்கள். நம் ஊர்ப் பதிகத்தை நம் ஊர்ப் பிள்ளை வயலினில் வாசித்தால் கேட்கிறவர்களுக்கு அந்நியமாக இருக்குமா? வார்த்தை மனதில் இருப்பதால் சனம் வாய்க்குள் கூடவே பாடும். அதன்பின் ஒரு வர்ணம், இரண்டு மூன்று கீர்த்தனை, விரிவாக ஓர் இராகம், கடைசியில் திருப்புகழ். ஒரு மணித்தியாலத்துக்கு இது போதும். மிருதங்கத்துக்கு நம் ஊரிலேயே இளைஞர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இடம் வேண்டும்.

நடைமுறையில் சில காரியங்களைக் கவனிக்க வேண்டும். நிகழ்ச்சியை இரவு ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் வையுங்கள். பதினொரு மணிக்கு வைத்தால் தம்பலகாமத்திலிருந்தோ நிலாவெளியிலிருந்தோ வந்த பிள்ளை எப்படி வீடு போகும்? மூதூர்ப் பிள்ளை என்றால் வானுக்கு ஏற்பாடு செய்யுங்கள். வயலினுக்கு ஒரு நல்ல மைக்கும், மேடையில் இருப்பவருக்குத் தன் சத்தம் கேட்க ஒரு சிறிய ஸ்பீக்கரும் வேண்டும். மெல்லிசைக் குழுவுக்கு இவை இல்லாமல் நீங்கள் நிகழ்ச்சி வைப்பதில்லையே. பொன்னாடை போர்த்துவதோடு நிறுத்தாமல் உறைக்குள் பணமும் வைத்துக் கொடுங்கள். தந்தி ஒரு செட் வாங்குவதே இன்றைக்குப் பல குடும்பங்களுக்குப் பாரம். வாசித்துச் சம்பாதித்த பணத்தில் அந்தப் பெண் தந்தி வாங்கினால், வயலினை அலுமாரிக்கு மேலே வைக்கச் சொல்ல வீட்டில் யாருக்கும் வாய் வராது.

முக்கியமாக, கலியாணம் முடித்தவர்களைக் கூப்பிடுங்கள். "அவ இப்ப வாசிக்கிறேல்ல" என்று நீங்களே முடிவெடுக்க வேண்டாம். வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். கோயில் சபைத் தலைவர் வெற்றிலை பாக்கோடு வந்து "பிள்ளை, நவராத்திரி மூன்றாம் நாள் நீதான் வாசிக்க வேண்டும்" என்று கேட்டால் மறுக்கிற மாமியார் இந்த ஊரில் இல்லை. உங்கள் வாய்ச்சொல்லுக்கு இருக்கிற மதிப்பு எங்கள் சான்றிதழ்களுக்கு இல்லை. அதனால்தான் திணைக்களத்துக்கோ பாடசாலைக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். மோட் பவலும் 1904இல் கலியாணம் முடித்தார். அதற்குப் பிறகுதான் தென்னாபிரிக்காவுக்குத் தன் குழுவோடு போனார், சிபேலியஸை வாசித்தார், தட்டுகள் பதிவுசெய்தார். கணவர் அவருடைய பயணங்களையும் நிகழ்ச்சிகளையும் கவனித்துக்கொண்டார். இதைக் கேட்கும்போதெல்லாம் என் மூத்த மாணவிகள் சிலர் ஒன்றும் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

1919 நவம்பரில் சென் லூயிஸ் நகர மேடையில் வாசித்துக்கொண்டிருந்தபோது அவர் மயங்கி விழுந்தார். ஓய்வெடுத்துவிட்டு மீண்டும் பயணம் போனார். 1920 ஜனவரி 8ஆம் திகதி பென்சில்வேனியாவில் யூனியன்டவுன் என்ற சிறிய ஊரில், கச்சேரிக்குப் போன இடத்தில் காலமானார். வயது 52. குவாதாஞ்ஞினி என்ற பழைய இத்தாலியக் கைவினைஞர் செய்த, அவர் வாசித்த வயலின் பிறகு வியன்னாவில் பிறந்த எரிக்கா மொரினி என்ற இளம் பெண்ணின் கைக்குப் போனது. அமெரிக்கா கிராமி வாழ்நாள் சாதனை விருதை அவர் பெயருக்குக் கொடுத்தது 2014இல், இறந்து 94 வருடத்துக்குப் பிறகு. நம் பிள்ளைகளுக்கு விருது வேண்டாம். வயதும் விரலும் இருக்கும்போதே வாசிக்க இடம் வேண்டும்.

நகரத்திலும் உப்புவெளி, நிலாவெளி, தம்பலகாமம், மூதூர்ப் பக்கங்களிலும் உள்ள மாணவிகளையும், படிப்பை முடித்து வீட்டில் இருக்கும் பெண்களையும் கேட்டுப் பெயர்ப்பட்டியல் ஒன்றைத் தயாரித்து வருகிறேன். யார் எந்தத் தரம் முடித்தவர், தனியாக ஒரு மணித்தியாலம் வாசிக்கத் தயாராக இருப்பவர் யார், பக்கவாத்தியத்துக்கு ஏற்றவர் யார் என்று பிரித்து எழுதுகிறேன். நவராத்திரி நோட்டீஸ் அச்சுக்குப் போகுமுன் உங்கள் சபைக் கூட்டம் ஒன்றில் எனக்குப் பத்து நிமிடம் தாருங்கள். பட்டியலோடு வருகிறேன். விரும்பினால் இரண்டு பிள்ளைகளையும் அழைத்து வருகிறேன். நீங்களே கேட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் வயலின் ஆசிரியை ஒருவர்,
திருகோணமலை